விட்டுக்கொடுத்து ஆடாதீங்க, அண்ணாச்சி!

கோடை லீவுல பாளையங்கோட்டையில இருந்து அம்பாசமுத்திரம் வரைக்கும் திண்ணைக்குத் திண்ணை செஸ் போர்டு விரிச்சிருக்கு. நல்ல விஷயம். ஆனா நல்லா ஆடத் தெரிஞ்ச பெரியாட்கள் புதுசா பழகுற பிள்ளைகளோட ஆடுற லட்சணத்தைப் பாத்தா வயிறு எரியுது.

பாதி ஆட்டத்துல பாவம் பாத்து ராணியைக் கொண்டுபோய் வெட்டுக்கு வைக்குதீங்க. ஏன்? அந்தப் பிள்ளை யோசிச்சதுக்கும் கிடைச்ச ராணிக்கும் சம்பந்தமே இல்லாம ஒரு வெற்றி. அதுல அவன் என்னத்தப் படிப்பான்? குதிரையைத் தொட்டுட்டு யானையை நகர்த்துனா "சரி விடுடே"ங்குதீங்க. போட்டியில தொட்ட காயைத்தான் ஆடணும்னு நடுவர் சொல்லும்போது, அங்க உக்காந்து அழுறது அந்தப் பிள்ளைதான்.

இன்னொரு கூட்டம் இதுக்கு நேர்மாறு. பிஷப்பை சி4, ராணியை எச்5 கட்டத்துக்குக் கொண்டுவந்து (எழுத்து செங்குத்து வரிசை, எண் குறுக்கு வரிசை), நாலாவது நகர்வுல எஃப்7-ல மேட், அதாவது ராஜா தப்ப வழியில்லாத அடி, அடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிரும். சி6-ல உன் குதிரை இருந்தா ஜி6-ல சிப்பாயைப் போட்டு ராணியை விரட்டு, அது எஃப்3-க்குப் போய் மறுபடி மிரட்டுனா எஃப்6-ல குதிரையை வைன்னு சொல்லிக்கொடுக்க ஒரு நிமிஷம் ஆகுமா?

ஆட்டத்திறனை அளக்குற ரேட்டிங்ல 400 புள்ளி வித்தியாசம்னாலே, ஆட்டப் புள்ளியில நூத்துக்கு 91 பங்கு பெரியவருக்குத்தான்னு எதிர்பார்ப்பு. அதைச் சமன் பண்ணணும்னா ஆட்டத்துக்கு முன்னாடியே பண்ணுங்க. கிளாக் இருந்தா அவனுக்கு 15 நிமிஷம், உங்களுக்கு 3. இல்லையா, காயைக் குறைங்க. துவக்கப் பிள்ளைன்னா உங்க ராணியை எடுத்துருங்க. தொடர்ந்து ஜெயிக்க ஆரம்பிச்சான்னா ராணியை வச்சுக்கிட்டு ஏ1 யானையை எடுங்க. யானை போனா ஏ2 சிப்பாய்க்குக் காவல் கிடையாது, அதனால அதை ஏ3-ல வச்சுத் தொடங்கணும், அங்க பி2 சிப்பாய் காக்கும். அடுத்த படி பி1 குதிரை. கடைசியா நீங்க கறுப்பு எடுத்து, எஃப்7 சிப்பாய் இல்லாம ஆடுங்க. 19-ஆம் நூற்றாண்டுல மார்ஃபி மாதிரி பெரிய ஆட்டக்காரங்களே இப்படிக் காய் குறைச்சு ஆடியிருக்காங்க, இதுல கௌரவக் குறைச்சல் எங்க வந்துச்சு?

ஆனா ஆரம்பிச்ச பிறகு ஒரு நகர்வு கூட இரக்கம் வேண்டாம். காய் கூட இருக்கிறவன் சமமா வெட்டி மாத்திக்கிட்டே போனா ஜெயிக்கலாம்னு அப்பத்தான் அவனுக்கே பிடிபடும். ஏ8-ல உங்க ராஜா மட்டும் மிச்சம், நகர்த்த வேற காய் இல்ல, அவன் ராணியைக் கொண்டுவந்து பி6-ல வச்சுட்டான்னா ராஜாவுக்கு செக்கும் இல்ல, நகர இடமும் இல்ல; அது ஸ்டேல்மேட், டிரா. "நீ ஜெயிச்ச மாதிரிதான்"னு தயவுசெஞ்சு சொல்லிராதீங்க. அந்த ராணி எங்க போயிருக்கணும்னு போர்டுலயே அவனைத் தேட விடுங்க.