ஒரே அட்டவணை, மூன்று எழுத்துரு

ஏற்காட்டுத் தோட்டக் கணக்கு மூன்று பேர் கை மாறித்தான் சேலத்தில் என்னிடம் வருகிறது. ஒரே வேர்ட் அட்டவணை. மிளகு வரிசை லதா எழுத்துருவில் 12 அளவு, அராபிகா காபி வரிசை நிர்மலா எழுத்துருவில் 10. 'ரோபஸ்டா' என்ற ஒரே சொல்லில் பாதி தடிமன், பாதி மெலிசு! மின்னஞ்சலிலிருந்து எடுத்து அப்படியே ஒட்டினால் பழைய வடிவமும் கூடவே ஒட்டிக்கொண்டு வரத்தான் செய்யும். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஸ்பேஸ் அழுத்தினால் எழுத்து சரியாகிறது. வரி இடைவெளி அப்படியே நிற்கிறது. அதற்குத் தனியாக கன்ட்ரோல், க்யூ. அப்புறம் எண்களை வலப்பக்கம் தள்ள வேண்டும். நேற்று ராத்திரி பத்து மணி வரை இதே வேலை. ஒட்டும்போது எழுத்தை மட்டும் ஒட்டுங்கள் அண்ணா என்று எத்தனை தடவைதான் சொல்வது?