தமிழ் தெரிந்த ஆசிரியர் எப்போது வருவார்?

புதிய தேசியக் கல்விக் கொள்கையைப் பாராட்டி வந்த ஒரு கட்டுரைக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை, இயன்ற இடங்களில் தாய்மொழிக் கல்வி என்று 2020-ன் அந்தக் கொள்கை சொல்வதைக் கட்டுரையாளர் பெரும் புதுமையாகக் கொண்டாடுகிறார். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு அரசியலமைப்பின் 350ஏ பிரிவு இதை 1956-லேயே சொல்லிவிட்டது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழர்கள் வாழும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்து பாருங்கள். எங்கள் தமிழ் வழிப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் மாற்றலாகிப் போனால், தமிழ் தெரிந்த இன்னொருவர் வரும்வரை பிள்ளைகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மலையாளம் மட்டுமே அறிந்தவரை அனுப்பினால் அவருக்கும் திண்டாட்டம். நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 6 சதவீதத்தைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று, அரசு அமைத்த கோத்தாரி கல்விக் குழு 1966-ல் சொன்னதையே புதிய கொள்கையும் ஒப்பிக்கிறது (மனப்பாடக் கல்வி ஒழிய வேண்டும் என்று சொல்வதும் இதே கொள்கைதான்!). தமிழ் வழிப் பணியிடங்களைத் தமிழில் பாடம் நடத்தத் தெரிந்தவர்களைக் கொண்டு ஜூன் மாதத்துக்குள் நிரப்பட்டும். ஸ்மார்ட் வகுப்பறை பிறகு வரலாம்.