மொக்ரா கோரா: படத்தில் உள்ள மரவீடுகள் பல நூற்றாண்டுப் பழைமையான ஊரா?

மேற்குச் செர்பியாவில் பல நூற்றாண்டுகளாக மாறாமல் மக்கள் வாழ்ந்துவரும் மொக்ரா கோரா என்ற மலைக்கிராமம் என்ற குறிப்புடன், குன்றின் மேல் நெருங்கி நிற்கும் மரவீடுகளின் படமொன்று பகிரப்பட்டு வருகிறது. இக்கூற்று தவறானது.

படத்தில் உள்ளது, திரைப்பட இயக்குநர் எமிர் குஸ்துரிட்சா 2004-இல் வெளியான தமது படத்துக்காக மொக்ரா கோராவுக்கு அருகிலுள்ள மெச்சாவ்னிக் குன்றில் அமைத்த ட்ர்வென்கிராட் என்ற ஊர்; அப்பெயருக்கே மரநகரம் என்றுதான் பொருள். வீடுகளில் சில வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட பழைய மரவீடுகள் என்பதால், குழப்பம் நேர்ந்ததில் வியப்பில்லை. இன்று அது தங்கும் விடுதியாகவும் சுற்றுலாத் தலமாகவும் இயங்குகிறது.

உண்மையான கிராமமான மொக்ரா கோரா, அதாவது ஈரமலை, உஜிட்சே நகர நிர்வாகத்துக்கு உட்பட்டு, தாரா, ஸ்லாதிபோர் மலைகளுக்கிடையிலான பள்ளத்தாக்கில், போஸ்னிய எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. அதன் வீடுகள் ஒரே குன்றில் குவிந்திராமல் சரிவெங்கும் சிதறிக் கிடக்கின்றன. அங்கு வசிப்போர் சில நூறு பேரே. 1974-இல் மூடப்பட்டுப் பின்னர் சுற்றுலாவுக்காகச் சீரமைக்கப்பட்ட, எட்டு என்ற எண்வடிவில் வளைந்தேறும் ஷார்கான் குறுகிய இருப்புப்பாதை ரயில் இவ்வூரிலிருந்தே புறப்படுகிறது.