மாலைப்பொழுது யாருக்குச் சொந்தம்?

வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இல் இன்போசிஸ் நாராயண மூர்த்தி சொன்னார். 2025 ஜனவரியில் வெளிவந்த பேச்சொன்றில், எல் அண்டு டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் அதை 90 மணி நேரமாக்கியதோடு, வீட்டில் உட்கார்ந்து மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்றும் கேட்டார். அந்தக் கேள்வி என்னை ஆழமாகக் காயப்படுத்தியது. 90 மணி நேரம் என்றால் ஆறு நாளும் பதினைந்து மணி நேர வேலை. உறக்கமும் பயணமும் போக மீதியில், பள்ளியில் நடந்ததைச் சொல்லக் காத்திருக்கும் பிள்ளைக்கும், மருந்து வாங்கி வரச் சொன்ன தாய்க்கும் என்ன மிஞ்சும்?

எது மகிழ்ச்சியான வாழ்க்கை என்பதை ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1938 முதல் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். அப்பல்கலைக்கழக மாணவர்கள் 268 பேரையும் பாஸ்டன் நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 456 சிறுவர்களையும் வாழ்நாள் முழுதும் பின்தொடர்ந்த அந்த ஆய்வு, ஐம்பது வயதில் உறவுகளில் நிறைவு கண்டவர்களே எண்பதாம் வயதில் அதிக ஆரோக்கியத்துடன் இருந்தார்கள் என்று கூறுகிறது. அத்தகைய உறவு ஆண்டுக்கொரு சுற்றுலாவில் வளர்வதில்லை. அன்றாடம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதில்தான் வளர்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் அந்த நேரம் யாருக்கும் இனாமாகக் கிடைத்ததன்று. எட்டு மணி நேர வேலைக்கான தொழிலாளர் போராட்டத்தை நினைவுகூரும் நாள்தான் மே தினம். 1923இல் சென்னையில் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்த பிறகு, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். எதிர்த்தவர்கள் காப்பாற்றிக் கொடுத்தது தொழிலாளர் வீட்டு மாலைப்பொழுதை என்றே நான் கருதுகிறேன்.

குடும்பத்துக்கான நேரத்தைக் காக்க வேண்டும் என்ற என் கொள்கைக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் அலைபேசியைத் தொடுவதில்லை. இது எளிதான பக்கம். மற்றவர் வீட்டு நேரத்தில் கைவைக்காமல் இருப்பதுதான் கடினமானது. அலுவலக நேரம் முடிந்தபின் எனக்குக் கீழே பணியாற்றுவோரை நான் அழைப்பதில்லை, காலையில் சொன்னால் போதுமான செய்தியை இரவில் வாட்ஸ்அப் குழுவில் போடுவதுமில்லை. எனக்கு என் குடும்பம் முக்கியம் என்று சொல்லிக்கொண்டே அவர்களை இரவு பத்து மணிக்கு அழைத்தால், அது கொள்கையாகாது, எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் வெறும் சலுகைதான்.

தமிழகத்தில் ஜவுளிக்கடைகளில் பணிபுரியும் பெண்களுக்கு உட்காரும் உரிமையே 2021இல்தான் சட்டமாயிற்று. நாள் முழுதும் நின்ற கால்களோடு அவர்கள் நமக்காகப் புடவைகளை விரித்துப் போடுகிறார்கள். பண்டிகைக் காலத்தில் நம் கூட்டம் நீள நீள, அவர்கள் வீடு திரும்பும் நேரமும் தள்ளிப்போகிறது. அதனால் இரவு எட்டு மணிக்குமேல் துணி எடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்தோம். தீபாவளித் துணியைக் கடைசி வாரம் வரை தள்ளாமல், புரட்டாசியிலேயே பகலில் போய் எடுத்துவிடுகிறோம்.