‘இன்டர்நெட்டைக் கண்டுபிடித்தது நான்தான்’ என்று அல் கோர் சொன்னாரா?

அமெரிக்கத் தேர்தல் பேச்சு வந்தாலே இந்த மீம் மறுபடி சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. 2000 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்ற முன்னாள் துணை அதிபர் அல் கோர் அப்படிச் சொல்லவே இல்லை.

1999 மார்ச்சில் சிஎன்என் பேட்டியில், நாடாளுமன்றத்தில் இருந்த காலத்தில் ‘இன்டர்நெட்டை உருவாக்குவதில் முன்முயற்சி எடுத்தேன்’ என்றார். கொஞ்சம் தற்பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் ‘கண்டுபிடித்தேன்’ என்ற சொல் அதில் இல்லை. அது எதிர்க்கட்சியினரும் ஊடகங்களும் ஏற்றிவிட்டது. குடியரசுக் கட்சியின் டிரென்ட் லாட், ‘பேப்பர் கிளிப்பை உருவாக்க நான் முன்முயற்சி எடுத்தேன்’ என்று நக்கலாக அறிக்கையே விட்டார். அப்புறம் இரவு நேர காமெடி நிகழ்ச்சிகள் சும்மா இருக்குமா?

சரி, கோர் செய்தது என்ன? அவர் கொண்டுவந்த 1991 கணினிச் சட்டத்தின் நிதி, ஆரம்பகால இணைய உலாவியான மொசைக் பிரவுசர் உருவான இல்லினாய் மையத்துக்கும் போனது. இணையத்தின் அடிப்படை நெறிமுறையை வடிவமைத்த வின்ட் செர்ஃபும் பாப் கானும் 2000இல் அவருக்கு ஆதரவாக எழுதினார்கள். அதற்குள் ‘அளந்துவிடுகிற ஆள்’ என்ற முத்திரை விழுந்துவிட்டது.

2000 தேர்தலில் அவர் இதனால்தான் தோற்றார் என்பதும் மிகை. அங்கே மாநிலவாரிக் கணக்குதான் அதிபரை முடிவு செய்யும்; நாடு முழுக்க ஜார்ஜ் புஷ்ஷைவிட 5 லட்சத்துக்கும் மேல் கூடுதல் வாக்கு வாங்கியவர், ஃபுளோரிடா மாநிலத்தில் 537 வாக்கில் கோட்டைவிட்டார். அத்தனை சிறிய வித்தியாசத்துக்கு எந்தக் காரணத்தையும் கைகாட்டலாம்.