பச்சைக் கோடுகள் சாராயப் பாதையா?

நியூயார்க் அருகே வெஸ்ட்செஸ்டர் கவுன்ட்டியின் (மாவட்டம் போன்றது) 1920களின் வரைபடம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதில் சாலையோரம் நீளும் பச்சைப் பட்டைகள், மதுவிலக்குக் காலத்தில் சாராயம் கடத்தப் போட்ட ரகசியப் பாதைகளாம்.

இல்லை. அவை பூங்கா நிலங்கள். அந்தப் பகுதி வழியாக ஓடும் பிராங்ஸ் ஆற்றில் சாக்கடை கலந்து நாறியதால், கரையோர நிலத்தை வாங்கிப் பூங்காவும் ‘பிராங்ஸ் ரிவர் பார்க்வே’ என்ற சாலையும் அமைக்க 1907இலேயே ஆணையம் அமைந்துவிட்டது. மதுவிலக்கு வந்ததோ 1920இல். சாலைப்பணி முடிந்தது 1925இல். அப்புறம், அது சரக்கு லாரிகளுக்கு அனுமதியில்லாத சாலை. கடத்தலுக்கென்று போட்டவர்கள் அப்படியா விதி வைப்பார்கள்? ரகசியச் சாலையை வரைபடத்தில் அச்சடிப்பதும் வேடிக்கைதான்.

சாலையின் வரலாறு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து பகிர வேண்டாம்.