ஹாஸ்டல்னா அப்படித்தான் இருக்குமாம்!

ரோமில் பயணிகள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் மூன்று ராத்திரி இருந்துவிட்டுத் திரும்பி நாலு நாளாகிறது. முதுகு வலி போய்விட்டது, வயிற்றெரிச்சல் போகவில்லை. யாரிடம் புலம்பினாலும் ஒரே பதில்தான்: “ஹாஸ்டல்னா அப்படித்தான்டா மச்சான் இருக்கும். அந்தக் காசுக்கு வேற என்ன எதிர்பார்த்த?” இதை இன்னும் ஒரு ஆள் சொன்னால் சண்டையாகிவிடும். அதனால் மொத்தத்தையும் எழுதித் தொலைக்கிறேன்.

முதலில் ஒன்று. நான் சொகுசு பார்க்கிற ஆள் இல்லை. வேலை தேடிய காலத்தில் திருவல்லிக்கேணி மேன்ஷனில் ரெண்டு வருஷம் இருந்தவன். அங்கே போன முதல் நாளே மேனேஜர் அண்ணன் சொல்லிவிட்டார்: “தம்பி, தண்ணி காலைல ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும்தான். மூட்டைப்பூச்சி உண்டு. வாடகை அஞ்சாம் தேதி.” முடிந்தது. தண்ணீர் எட்டு மணிக்கு நின்றது, மூட்டைப்பூச்சி கடித்தது, வாடகை அஞ்சாம் தேதி கொடுத்தேன். ஒரு நாள்கூட எனக்குக் கோபம் வந்ததில்லை. சொன்னது சொன்னபடி இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது வேலை ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில். எங்கள் மாநிலத்தில் நவம்பர் 1 விடுமுறை. அதை ஒட்டி அக்டோபர் 29 முதல் மூன்று ராத்திரி ரோமில் தங்கலாம் என்று எட்டுப் படுக்கை டார்மிடரியில் ஒரு கட்டில் பிடித்தேன். ஒரு ராத்திரிக்கு 34 யூரோ, மூன்றுக்கு 102. தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம், காலை உணவு இலவசம், ‘உற்சாகமான சூழல்’, பத்துக்கு எட்டரைக்கு மேல் மதிப்பெண். இந்த ‘சூழலுக்கு’ மார்க் போட்டவர்கள் எல்லாரும் தூங்காமலேயே ஊர் திரும்பியவர்களாக இருக்க வேண்டும்.

ஐந்து நிமிடம் என்று சொன்னது யாருடைய கால்களுக்கு என்று தெரியவில்லை. ரோமின் பழைய தெருக்களில் சாம்பியெத்ரீனி என்ற கருங்கல் சதுரங்களைப் பதித்திருப்பார்கள். படத்தில் பார்க்க அழகு. அதன் மேல், மழையில், சூட்கேஸை இழுத்துப் பாருங்கள். சக்கரம் ஒவ்வொரு இடுக்கிலும் மாட்டும். எனக்குப் பதினெட்டு நிமிடம் ஆனது. போய்ச் சேர்ந்தால் ஹாஸ்டல் என்று ஒரு பலகைகூட இல்லை. பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு, வாசலில் பதினாலு அழைப்பு மணி, எல்லாமே குடும்பப் பெயர்கள். நாலாவது மாடியை மட்டும் ஹாஸ்டலாக மாற்றியிருக்கிறார்கள். லிஃப்டில் ‘ஃபுவோரி செர்வீட்சியோ’ என்று ஒரு அட்டை. வேலை செய்யாது என்று அர்த்தம். அந்த அட்டை வெயில் பட்டு மஞ்சளாகியிருந்ததைப் பார்த்தால் அதற்கு என் வயது இருக்கும்.

மூச்சு வாங்க மேலே போனால் மணி பத்து நாற்பது. ரிசப்ஷனில் இருந்த பெண் முதலில் சொன்னது வரவேற்பு இல்லை, “லேட் செக்-இன், 15 யூரோ.” பத்து மணிக்கு மேல் வந்தால் கட்டணமாம். பதிவு செய்த அன்று வந்த மெயிலில் இல்லை, கிளம்புவதற்கு முந்தின நாள் வந்த இரண்டாவது மெயிலின் அடியில் இருந்ததாம். விமானம் தாமதம் என்றேன். தோளைக் குலுக்கினாள். அப்புறம் நகர வரி. ரோமில் ஹாஸ்டலில் தங்குபவர்களுக்கு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 3.50 யூரோ, ஆக 10.50. இது மாநகராட்சிக்குப் போகிற பணம், அதில் எனக்கு வருத்தம் இல்லை. பல லட்சம் பேர் மிதிக்கிற ஊரை யாராவது பெருக்க வேண்டுமே. ஆனால் எல்லோரும் கட்டியே ஆக வேண்டிய தொகையை விலையில் சேர்த்துக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? 34 என்று போட்டால் மேலே வரும், 37.50 என்று போட்டால் கீழே போய்விடும், வேறென்ன!

அதையும் ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டுமாம், கார்டு மெஷின் வேலை செய்யவில்லையாம். இத்தாலியில் 2022 ஜூன் 30 முதல் கார்டு வாங்க மறுக்கும் வியாபாரிக்கு 30 யூரோ அபராதம், அதோடு தொகையில் 4 சதவீதம். சட்டம் வந்த நாள் முதல் அந்த ஊர் கார்டு மெஷின்களுக்கு என்ன நோய் பிடித்ததோ, என் எதிரில் மட்டும் பழுதாகிவிடுகின்றன. மறுபடி நாலு மாடி இறங்கி, ஏடிஎம் தேடி, மறுபடி நாலு மாடி ஏறினேன். சாவிக்கு டெபாசிட் 10 யூரோ, அதுவும் ரொக்கம். துண்டு வாடகை 4. லாக்கர் இலவசம், பூட்டு இலவசம் இல்லை, 5 யூரோ. இந்தச் சாவி டெபாசிட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருகிறேன்.

கடைசியாக என் பாஸ்போர்ட்டை வாங்கி மேசை டிராயருக்குள் போட்டுக்கொண்டாள். “போலீசுக்கு அனுப்ப வேண்டும், காலையில் வாங்கிக்கொள்.” தங்குகிற ஒவ்வொருவருடைய விவரத்தையும் 24 மணி நேரத்துக்குள் போலீசின் இணையதளத்தில் பதிய வேண்டும் என்பது அங்கே சட்டம், எனக்கும் தெரியும். ஆனால் சட்டம் கேட்பது விவரத்தை, புத்தகத்தை இல்லை. சிவப்புப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற ஐரோப்பியனுக்கு இது சாதாரண விஷயமாக இருக்கலாம். நீலப் பாஸ்போர்ட்காரனிடம் கேட்டுப் பாருங்கள், வேற்று ஊரில் அது ஒரு ராத்திரி கைவிட்டுப் போனால் வயிறு என்ன பாடுபடும் என்று. அங்கேயே நின்று, பதிந்து முடித்துத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தேன். நாலு நிமிட வேலை. அதற்கும் அவள் சொன்னது, “இது ஹாஸ்டல், ஹோட்டல் இல்லை.”

சரி, அறை. எட்டுப் பேருக்கு இரண்டே பிளக் பாயின்ட். எனக்கு மேல் கட்டில், ஏணியில் நடுப்படி இல்லை. குறட்டைக்கு நான் யாரையும் திட்ட மாட்டேன், அது உடம்பு செய்கிற வேலை. என் ஆத்திரமெல்லாம் பாலிதீன் பை மீது. அதிகாலை நாலு மணிக்குக் கிளம்புகிற ஒருவன் ராத்திரி எட்டு மணிக்கே மூட்டை கட்டியிருக்கலாம், செய்ய மாட்டான். நாலு மணிக்குத்தான் அவனுக்கு வாழ்க்கையில் ஒழுங்கு வேண்டும் என்று தோன்றும். சாக்ஸுக்கு ஒரு கேரி பேக், சார்ஜருக்கு ஒரு கேரி பேக், செருப்புக்கு ஒரு கேரி பேக். ஒவ்வொன்றையும் பூவைத் தொடுவது போல மெதுவாகப் பிரிப்பான். மெதுவாகப் பிரித்தால் சத்தம் குறையாது ஐயா, நீளும்! சரக் என்று ஒரே இழுப்பில் முடிய வேண்டியதை சர... சர... சர என்று பத்து நிமிடம் இழுப்பான். அதற்கப்புறம் செல்போன் டார்ச். அந்த வெளிச்சம் முதலில் என் முகத்தில்தான் விழ வேண்டும் என்று விதி. அவன் போய்ச் சேர்ந்ததும் எதிர்க் கட்டிலில் அலாரம். அணைப்பார், ஒன்பது நிமிடம் கழித்து மறுபடி அடிக்கும், மறுபடி அணைப்பார். எழுந்திருக்காத மனுஷனுக்கு அலாரம் எதற்கு?

குளிர் வேறு. சுவரில் ஹீட்டர் இருக்கிறது, ஜில்லென்று இருக்கிறது. கேட்டதற்கு, “சட்டப்படி நவம்பர் 1-க்கு முன்னால் போட முடியாது.” அட, உண்மைதான். 1993-இல் வந்த ஒரு ஆணைப்படி இத்தாலியைக் குளிருக்கேற்ப ஆறு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். ரோம் ‘டி’ மண்டலம். நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, ஒரு நாளைக்கு 12 மணி நேரம், அதுவும் காலை 5 முதல் இரவு 11-க்குள். ஹோட்டல்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் நாங்கள் இருந்தது குடியிருப்புக் கட்டடம், பாய்லர் எல்லா மாடிக்கும் பொது. வரி வாங்கும்போது தங்கும் விடுதி, ஹீட்டர் கேட்டால் அடுக்குமாடி வீடு! இரண்டாவது போர்வை கேட்டேன். இருக்கிறதாம், 3 யூரோ. ரோஷத்தில் வேண்டாம் என்று ஜாக்கெட்டோடு படுத்தேன். யாருக்கு நஷ்டம் என்று கேட்காதீர்கள்.

குளியலறைக்கு வருவோம். ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்களுக்கு நான் எதைச் சொல்லப்போகிறேன் என்று இப்போதே புரிந்திருக்கும். தண்ணீர் இல்லாமல் காகிதத்தோடு மல்லுக்கட்டும் இந்தக் கண்டத்தில், நம் மனசு புரிந்தவர்கள் இத்தாலியர்கள். 1975 ஜூலையில் ஒரு ஆணையே போட்டார்கள்: ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குளியலறையிலாவது பிடே, அதாவது உட்கார்ந்து கழுவிக்கொள்வதற்கான குழாய் வைத்த தாழ்வான தொட்டி, இருக்க வேண்டும் என்று. கழுவிக்கொள்வதற்குச் சட்டப் பாதுகாப்பு தந்த நாடு! இதற்காகவே அந்த ஊர் மேல் எனக்கு ஒரு பாசம் உண்டு. பழைய வீடு ஆயிற்றே, இங்கேயும் பிடே இருந்தது. அதற்குள் ஒரு மாப், ஒரு வாளி, மூன்று ஃபினாயில் பாட்டில். குழாயைத் திருகினேன், சுற்றிக்கொண்டே இருந்தது, ஒரு சொட்டு வரவில்லை. உள் இணைப்பையே துண்டித்திருக்கிறார்கள். பட்டினி கிடப்பவன் முன்னால் இலை போட்டுவிட்டு, இலையில் செருப்பை வைத்த மாதிரி.

ஷவரில் பொத்தானை அமுக்கினால் எட்டு விநாடி தண்ணீர் வரும், நின்றுவிடும். முகமெல்லாம் சோப்பு, கண் திறக்க முடியவில்லை. கையால் துழாவினால் ஒரு கயிறு கிடைத்தது. இழுத்தேன். அது யாராவது வழுக்கி விழுந்தால் உதவிக்கு அழைக்கிற கயிறாம். வெளியே மணி அலற, கதவைத் தட்ட, நான் உள்ளேயிருந்து “ஓகே, ஓகே” என்று கத்த... இதற்கு மட்டும் அவர்கள் கட்டணம் வாங்கவில்லை.

கை கழுவும் குழாய்க்கு மேலே ஒரு ஸ்டிக்கர்: இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். பக்கத்திலேயே இயந்திரம், அரை லிட்டர் பாட்டில் 2 யூரோ. எந்த ஊரில்? ரோமில்! தெருவில் இறங்கினால் ‘நசோனே’ என்ற இரும்புக் குழாய்த் தூண்கள், பெரிய மூக்கு என்று பெயர், நகரம் முழுக்க 2,500 போல. 1874-இலிருந்து ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும் குளிர்ந்த தண்ணீர், காசு கிடையாது. மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் அதன் மேல் இருக்கும் சின்ன ஓட்டையில் தண்ணீர் மேலே பீய்ச்சும், அப்படிக் குடிக்க வேண்டும். மூன்று நாளும் வாசல் நசோனேயில்தான் என் பாட்டிலை நிரப்பினேன். நகரமே ஓசியில் ஊற்றுவதை நாலு மாடி ஏற்றி, பயமுறுத்தி, விற்கிறார்கள்.

காலை உணவு என்பது பாக்கெட்டில் இரண்டு ரஸ்க், விரல் நுனி அளவு ஜாம். காபி இயந்திரத்துக்குக் காசு போட வேண்டும். இரண்டாம் நாளே விட்டுவிட்டேன். முனைக் காபிக் கடையில் நின்றுகொண்டே ஒரு எஸ்பிரெசோ, கொர்னெத்தோ என்ற பிறை வடிவ ரொட்டி ஒன்று, மூன்று யூரோவைத் தாண்டவில்லை. உட்கார்ந்தால்தான் விலை ஏறும், அதைக்கூட பட்டியலில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பாருங்கள், சொல்லிவிட்டு வாங்குகிறார்கள்!

உட்காருவது என்றதும் ஞாபகம் வருகிறது. காலை 11 முதல் மாலை 3 வரை சுத்தம் செய்வதற்காக எல்லோரும் வெளியேற வேண்டும். பதிவு செய்யும்போது இதுவும் தெரியாது. இரண்டாம் நாள் கால் வலி, காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது, மழை வேறு. ரோமில் அக்டோபர், நவம்பர் மழைக் காலம். படுக்கையிலேயே இருந்துகொள்கிறேன் என்றேன். முடியாது. எங்கே போவது? ஸ்பானியப் படிகள் வரை போனேன், 135 படிகள், உட்காரத்தான் கட்டியிருப்பார்கள் என்று பார்த்தால், 2019 முதல் அங்கே உட்காரத் தடை, அபராதம் 400 யூரோ வரை போகலாம். காவலர் விசில் ஊதி எழுப்பிக்கொண்டிருந்தார். சின்ன தேவாலயம் ஒன்றில் நுழைந்தேன், மதிய இடைவேளைக்கு மூடினார்கள். கடைசியில் சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்தில் 5-ஆம் நூற்றாண்டு மொசைக்குகளுக்குக் கீழே இரண்டரை மணி நேரம் ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். பக்தி என்று நினைத்து ஒரு பாட்டி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மாதாவுக்குத்தான் தெரியும், நான் பணம் கட்டிய கட்டில் ஒன்று பக்கத்துத் தெருவில் காலியாகக் கிடந்தது.

மூன்று மணிக்குத் திரும்பிப் போனால் சுத்தம் செய்த அடையாளம் எதுவும் இல்லை. பிடேக்குள் மாப் மட்டும் இடம் மாறியிருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாமதக் கட்டணம் 15, வரி 10.50, துண்டு 4, பூட்டு 5, மொத்தம் 34.50. கிட்டத்தட்ட இன்னொரு ராத்திரியின் வாடகை. மூன்று ராத்திரி தூங்கியதற்கு (தூங்கியதற்கு!) நாலு ராத்திரிக் காசு. முதலிலேயே 45 யூரோ என்று சொல்லியிருந்தால் கட்டியிருப்பேன், அல்லது வேறிடம் பார்த்திருப்பேன். மலிவாக இருப்பதில் எனக்குப் புகார் இல்லை. மலிவு மாதிரி நடிக்காதே என்கிறேன். இதைச் சொன்னால், “ஹாஸ்டல்னா...” வேண்டாம், ஆரம்பிக்காதீர்கள்.

நவம்பர் 1 காலை எனக்கு விமானம். முந்தின ராத்திரியே பெட்டியைத் தாழ்வாரத்துக்கு எடுத்துப் போய்க் கட்டிவைத்தேன், நான் அந்தப் பாலிதீன் ஜாதி இல்லை என்று நிரூபிக்க. நாலரை மணிக்கு எழுந்தால், தலையணைக்கடியில் ஒரு கேரி பேக், அம்மாவுக்கு வாங்கிய ஜெபமாலை. மெதுவாகத்தான் எடுத்தேன். சர... சர... கீழ்க் கட்டிலிலிருந்து ‘ச்ச்’ என்று ஒரு சத்தம். வாயைத் திறக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது மணி ஐந்து. தாழ்வாரச் சுவரில் டக், டக் என்று ஏதோ தட்டியது. தொட்டுப் பார்த்தேன். ஹீட்டர் சூடாகிக்கொண்டிருந்தது.

ரிசப்ஷன் எட்டு மணிக்குத்தான் திறக்கும். சாவியை அதற்கென்று வைத்திருந்த பெட்டியில் போட்டுவிட்டு ஓடி, தெர்மினியில் விமான நிலைய ரயிலைப் பிடித்தேன். 14 யூரோ, 32 நிமிடம். 14 என்றார்கள், 14 வாங்கினார்கள், 32-வது நிமிடத்தில் இறக்கிவிட்டார்கள். டிக்கெட் பரிசோதகரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

டெபாசிட் 10 யூரோவை என் கணக்குக்கு அனுப்பச் சொல்லி அன்றைக்கே மெயில் போட்டேன். நேற்று பதில் வந்தது. ரொக்கமாக வாங்கியதை ரொக்கமாகத்தான் தர முடியுமாம். அடுத்த முறை ரோம் வரும்போது நேரில் வந்து வாங்கிக்கொள்ளலாமாம், பத்து மணிக்கு முன்னால்.